ஆடுவதற்கு ஓர் ஆயர்பாடி

(ஆலங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவும் கேள்வி நேரமும் விடப்பட்டுள்ளன.)



ஆண்டாளைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிற தமிழ் வாத்தியாருக்கு வேறு தலைப்புக் கிடைப்பது அரிது. தலைப்பை ஏற்றுக்கொண்டேன், ஆனால் வழக்கமான வாசல் வழியாக நுழையப் போவதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சிலரிடம் இன்று ஒரு மேசையாட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை ஆடுகிறவர்கள் கூடினால் ஒரு வாதம் தவறாமல் கிளம்பும்: ஆடுவதற்குச் சிறந்த கற்பனை உலகம் எது? அந்த வழக்கில் வில்லிபுத்தூர் சார்பாக ஆஜராகவே இன்று வந்திருக்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் நடுவர், உலகத்தை வருணிப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள். ‘கதவைத் தட்டுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அது திறக்குமா என்பதை நடுவரும் பகடையும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். ஒரே கதை வாரக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூர்க்காரரான கேரி கைகாக்ஸும் மினசோட்டாக்காரரான டேவ் ஆர்னிசனும் சேர்ந்து உருவாக்கி, 1974-இல் வெளிவந்தது. முதல் அச்சு 1,000 படிகள்.

இந்த ஆட்டத்தை ஆண்டாள் அன்றே ஆடிவிட்டாள் என்று நான் சொல்லப் போவதில்லை. எதைக் காட்டினாலும் ‘இது எங்களிடம் முன்பே இருந்தது’ என்று மார்தட்டும் பழக்கத்தில் எனக்குச் சலிப்பு உண்டு. என் வாதம் இவ்வளவுதான். படித்து வியக்கச் சிறந்த உலகம் வேறு, புகுந்து ஆடச் சிறந்த உலகம் வேறு. ஓர் உலகம் ஆடத்தக்கதாவது அதில் எத்தனை விந்தைகள் இருக்கின்றன என்பதால் அன்று; புதிதாக வருகிறவனுக்கு அதில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதால். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் மரபில் ஆண்டாள் பாடிய ஆயர்பாடிக்கு ஈடான இன்னோர் உலகம் எனக்குத் தெரியவில்லை. ஐந்து கூறுகளாகச் சொல்கிறேன். ஐந்தும் ஒரே நீளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

1. நிலம்

கைகாக்ஸ் ஆடத் தொடங்கிய உலகத்தின் பெயர் கிரேஹாக். மந்திரவாதிகளும் பாதாளச் சிறைகளும் நிறைந்த அந்த உலகத்தைத் தொடக்க காலத்தில் அவர் வட அமெரிக்க வரைபடத்தின் மேலேயே வைத்து ஆடினார். கிரேஹாக் நகரம் இருந்த இடம் ஏறக்குறைய சிகாகோ. டைவர்ஸ் என்ற பக்கத்து நகரம் மில்வாக்கி. லேக் ஜெனீவாவில் இருப்பவருக்கு இரண்டும் போய்வரும் தூரம். எந்தத் திசையில் எவ்வளவு நடந்தால் எது வரும் என்பது அவர் காலுக்கே தெரிந்திருந்தது. அந்த அறிவைக் கற்பனைக்கு அப்படியே இடம் மாற்றிக்கொண்டார்.

வில்லிபுத்தூரில் இதை முதலில் செய்தவர் மகள் அல்லள், தந்தை. பெரியாழ்வார் கண்ணனின் பிறப்பைப் பாடத் தொடங்கும் முதல் பாட்டிலேயே பாண்டி நாட்டுத் திருக்கோட்டியூர் வந்துவிடுகிறது. பிறகு அவர் யசோதையாகிறார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், காது குத்தக் கூப்பிடுகிறார், பூச்சூட்ட அழைக்கிறார், நிலவைக் காட்டி விளையாட்டுக் காட்டுகிறார். நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய ஒரு வில்லிபுத்தூர்க்காரரின் வீட்டுப் பழக்கங்களெல்லாம் யமுனைக் கரைக்குக் குடிபோகின்றன. அதே உலகத்துக்குள் மகள் வேறொரு வயதில், வேறொரு பாத்திரத்தில் நுழைகிறாள். அப்பா கண்ணனுக்குத் தாய். மகள் கண்ணனைத் தேடும் இடைச்சி. ஒரே வீட்டிலிருந்து ஒரே உலகத்துக்கு இரண்டு ஆட்டக்காரர்கள்!

வைணவ மரபு இதை விரித்துச் சொல்கிறது. ஆண்டாளுக்கு வில்லிபுத்தூரே ஆயர்பாடி, வடபத்திரசாயி கோயிலே நந்தகோபன் மாளிகை, உள்ளே பள்ளிகொண்டவனே கண்ணன், ஊர்ப் பெண்களே ஆய்ச்சியர், திருமுக்குளமே யமுனை. நடையும் பேச்சும் இடைச்சியுடையவையாகி, உடம்பில் தயிர் வாடையே வீசிற்றாம். உரைகாரர்கள் இந்தப் பாவனையை அநுகாரம் என்பார்கள். நூலை மட்டும் பார்க்கிற என் போன்றவன் ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். அவள் பாடிய திருப்பாவையின் முதல் 29 பாட்டுகளில் வில்லிபுத்தூர் என்ற பெயரே கிடையாது. ஊரின் மேல் ஊரை வைத்துக் காட்டியது மரபின் வாசிப்பு. அந்த வாசிப்பு வலிந்து செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 30-ஆம் பாட்டு அதற்கு இடம் தருகிறது. அங்கே கடைசியில் வருவோம்.

(மாடும் பாலும் அந்த ஊரை விட்டு இன்னும் போகவில்லை. 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.)

2. பெயரில்லாத இருக்கைகள்

என் வாதத்தின் நடுத்தூண் இதுதான். கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954-55-இல் வந்தது. அந்த உலகத்துக்கு மொழியுண்டு, வரலாறு உண்டு, வரைபடம் உண்டு. இருந்தும் அதை மேசைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு சிக்கல். மோதிரத்தை யார் சுமக்க வேண்டும், யார் அரசனாக வேண்டும் என்பதெல்லாம் நூலுக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆட வருகிறவன் ஓரத்தில் நிற்க வேண்டும், இல்லையேல் நூலைத் திருத்த வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னிலும் இதே கதைதான். வந்தியத்தேவனாக வேண்டும் என்று ஐந்து பேரும் கேட்பார்கள், நாற்காலி ஒன்றுதான். பாரதம் இன்னும் மோசம். அங்கே கடைசிக் காலாட்படை வீரனின் சாவுக்குக்கூட முன்பிறவிக் காரணம் சொல்லிவிட்டார்களோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

இப்போது சங்க அகப்பாட்டைப் பாருங்கள். தலைவி, தோழி, தலைவன், செவிலி, நற்றாய், பாங்கன், பரத்தை. ஒருவருக்கும் பெயர் கிடையாது. பெயர் சொன்னால் அது அகம் ஆகாது என்பது இலக்கணம். நிலம் ஐந்து. ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம் எது, என்ன சாப்பிடுவார்கள், எந்த விலங்கு, எந்தப் பறவை, எந்தப் பறை முழங்கும், என்ன தொழில் என்று தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது. இன்று இந்த மேசையாட்டங்களுக்காக அச்சிடும் உலகக் கையேடுகளைப் புரட்டினால் அத்தியாயத் தலைப்புகள் பெரும்பாலும் இவையே. ஐங்குறுநூறு என்ன? மருதத்துக்கு ஓரம்போகியார், நெய்தலுக்கு அம்மூவனார், குறிஞ்சிக்குக் கபிலர், பாலைக்கு ஓதலாந்தையார், முல்லைக்குப் பேயனார். ஐந்து புலவர், ஆளுக்கு நூறு பாட்டு, ஒரே உலகம், அதே பாத்திரங்கள். சங்கத் தொகைகளில் உள்ள 2,381 பாட்டுகளில் பெரும்பகுதி இந்தப் பொது உலகத்துக்குள் நின்று பாடியவை. யாரும் அதை உருவாக்கியதாக உரிமை கொண்டாடவில்லை, அதை முடித்துவைக்கவும் இல்லை.

ஆண்டாள் கையில் கிடைத்த ஆயர்பாடி இப்படித் திறந்த உலகம் அன்று. கண்ணன் கதை பாகவதர்களுக்கெல்லாம் தெரிந்த, முடிந்த கதை. அவள் செய்த வேலை என்னவென்றால், முடிந்த கதையில் எந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தது. திருப்பாவையில் கண்ணன் பெரும்பாலும் தூங்குகிறான். பேய்ச்சி, சகடம், கொக்கு, கஞ்சன் எல்லாம் பழைய செய்திகளாகப் பாட்டில் வந்துபோகின்றன. இப்போது நடப்பது வேறு: பெண்கள் தெருவில் இறங்கி வீடுவீடாகப் போய் எழுப்புகிறார்கள். 6-ஆம் பாட்டிலிருந்து 15-ஆம் பாட்டு வரை பத்து வீடு, பத்துப் பெண். நந்தகோபன், யசோதை, பலதேவன், நப்பின்னை ஆகியோருக்குப் பெயர் உண்டு. இந்தப் பத்துப் பேரில் ஒருத்திக்கும் பெயர் இல்லை.

பெயர் இல்லையே தவிர, ஒவ்வொருத்தியும் வேறு. ஒருத்தி மாமன் மகள். மணிமாடத்தில் சுற்றிலும் விளக்கெரிய, தூபம் கமழ உறங்குகிறாள். ‘உங்கள் மகள் ஊமையா, செவிடா?’ என்று அவள் தாயிடமே கேட்கிறார்கள். கும்பகர்ணன் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனானா என்று இன்னொருத்திக்குக் கேலி. ஒருத்தியின் அண்ணன் எருமை கறக்க நேரமில்லாதவன். கன்றை நினைத்த எருமைகள் தாமாகவே சொரிந்த பாலால் வீடெல்லாம் சேறு, வெளியே தலையில் பனி விழ நிற்கிறார்கள் தோழியர். 15-ஆம் பாட்டு முழுக்க வாசலுக்கு வெளியே ஒரு குரல், உள்ளே ஒரு குரல். சூடான பேச்சு, பதிலடி, சமாதானம். இந்தப் பத்து வாசல்களில் எதையாவது ஒரு பிள்ளையிடம் கொடுத்து ‘நீதான் உள்ளே படுத்திருப்பவள், எழுந்து வருவதா வேண்டாமா, பேசு’ என்று சொல்லுங்கள். அவளுக்கு முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதே சாமர்த்தியத்தைக் காட்டிய வெளிநாட்டு உலகம் ஒன்று உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர் சிறுவயது முதல் மனத்தில் வளர்த்த தெக்குமெல் என்னும் உலகம், 1975-இல் ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்ற ஆட்டமாக வந்தது. குலம், கோயில், படிநிலை, அவர் தாமே ஆக்கிய மொழி என்று மலைக்க வைக்கும் உலகம். எப்படி நுழைவது? பார்க்கர் சொன்ன வழி எளியது: நீங்கள் கப்பலில் வந்து ஜக்கல்லா துறைமுகத்தில் இறங்கிய அந்நியர்கள்; ஒன்றும் தெரியாதவர்கள்; அயலார் குடியிருப்பில் தங்கித் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ளுங்கள். (பார்க்கர் 2012-இல் இறந்தார். அவர் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்று எழுதியதை அவர் உலகத்தைப் பேணும் அமைப்பே 2022-இல் ஒப்புக்கொண்டது. அதன்பின் அந்த உலகத்துக்குள் போக மனமில்லாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.)

3. விதி

இடம் விட்டால் மட்டும் போதாது. எதையும் செய்யலாம் என்ற உலகத்தில் எதைச் செய்தாலும் ஒன்றுதான். திருப்பாவை இதை இரண்டாம் பாட்டிலேயே தீர்த்துவைக்கிறது. நோன்பிருக்கும் பெண்களுக்கு நெய் இல்லை, பால் இல்லை, விடியுமுன் குளியல், கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை, தகாததைச் செய்வதில்லை, கோள் சொல்வதில்லை, இயன்றவரை ஈகை. பால் வழிந்து வீடு சேறாகும் ஊரில் பாலை விலக்குவது என்பதைக் கவனியுங்கள். எது அந்த உலகத்தில் மிகுதியோ அதையே விதி தடுக்கிறது. 27-ஆம் பாட்டில் நெய் முழங்கை வழியே வழியச் சோறு உண்ணும்போது அந்தச் சோற்றுக்கு ருசி வருவது இரண்டாம் பாட்டின் தடையால்தான்.

இந்த இடத்தில் கிரெக் ஸ்டாஃபோர்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1966-இல், கல்லூரி மாணவராக இருந்தபோது, குளோரந்தா என்ற உலகத்தை எழுதத் தொடங்கினார். 1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டம் அதில்தான் நடக்கிறது. குளோரந்தாவில் ஒருவன் எந்தக் கோயிலைச் சேர்ந்தவன், என்னென்ன விரதம் பூண்டவன் என்பதே அவன் யார் என்பதற்கு விடை. அங்கே அடியவர்கள் சடங்கின் வழியாகத் தங்கள் தெய்வத்தின் பழங்கதைக்குள் புகுந்து, அந்தச் செயலைத் தாமே மறுபடி நடத்துவார்கள். அப்படிப் புகுந்தவன் வழி தவறினால் ஆபத்து. சரியாக நடத்தினால் ஏதோ ஒன்றைப் பெற்று ஊருக்குத் திரும்புவான். ஸ்டாஃபோர்டு 2018-இல் காலமானார். திருப்பாவை அவர் கண்ணில் பட்டதா என்பது கிடக்கட்டும். உலகத்து ஆட்டக்காரர்கள் கொண்டாடும் உலகங்களில் ஆண்டாளுக்கு மிக நெருங்கிய உறவு குளோரந்தா என்பேன்.

மாறாக, 1980-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியீட்டாளர்கள் போட்ட தெய்வக் கையேட்டில் நம் இந்திரனும் யமனும் காளியும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவசம் இவ்வளவு என்று கணக்கு. யமனுக்கு உயிர்ப்புள்ளி! தெய்வத்தைப் பகைவனாக நிறுத்தினால் அடிக்கலாம், அடிபடலாம். நோன்புக்குரிய தெய்வமாக நிறுத்தினால்தான் நடந்துகொள்ளும் முறை என்று ஒன்று பிறக்கும்.

4. தற்செயல்

இங்கிருந்து தொலைவில்லாத வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் வெளிவந்திருக்கின்றன. இந்தக் கரிசல் மண்ணுக்குக் காய் நகர்த்துவது புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். ஆனால் பரமபதத்தில் ஆடுகிறவன் முடிவெடுக்க ஒன்றுமில்லை. விழுந்த எண்ணுக்கு ஏணி, விழுந்த எண்ணுக்குப் பாம்பு. திருப்பாவை இதற்கு எதிர்முனை: முழுக்க விதி, முழுக்க முயற்சி.

இரண்டும் கலக்கும் இடம் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகம். கூடல் இழைத்தல் என்பது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரையும் குறி. தொடங்கிய இடத்தில் முனை வந்து கூடினால் நினைத்தவன் வருவான்; விலகினால் வரமாட்டான். பகடையை விட இது எனக்கு உயர்ந்த கருவியாகப் படுகிறது. இதில் கையும் உண்டு, குருட்டு வாய்ப்பும் உண்டு. ஆண்டாள் அந்த வட்டத்தையே கூப்பிட்டுப் பேசுகிறாள்; அவன் வருவானாகில் நீ கூடிவிடு என்று பாட்டுக்குப் பாட்டு வேண்டுகிறாள். பதினோரு பாட்டும் முடிந்துவிடுகின்றன. வட்டம் கூடியதா என்பதை அவள் சொல்லவே இல்லை. நடுவராக உட்காரும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, கேள்வி கேட்டவரையே கண்ணை மூடி வரையச் சொல்லுங்கள். மேசையில் இருக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலைப் பார்ப்பார்கள்.

5. வெளியேறும் வாசல், மீண்டும் நுழையும் வாசல்

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. ஆண்டாள் செய்தது பக்தி. அதை விளையாட்டோடு சேர்க்கலாமா? சேர்க்க வேண்டாம் என்பவர்களுக்கு, அவளே விளையாட்டிலிருந்துதான் தொடங்குகிறாள் என்பதை நினைவூட்டுவேன். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் மணலில் சிறுவீடு கட்டி ஆடும் பெண்களுடையது. கண்ணன் வந்து அதைச் சிதைக்கிறான், அவர்கள் கெஞ்சுகிறார்கள், கோபிக்கிறார்கள்.

ஆனால் மறுப்பில் உண்மை இருக்கும் இடம் ஒன்றுண்டு. மேசையாட்டக்காரர் ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்று பாத்திரமாகப் பேசிய மறுகணமே, ‘மணி எட்டாச்சு, கிளம்பணும்’ என்று தானாகவும் பேசுவார். தயிர் வாடை வீசும் அளவுக்குப் போனவளுக்குத் திரும்பும் வழி இருந்ததா? 30-ஆம் பாட்டு அந்த வழி. 29 பாட்டு ஆய்ச்சியாகப் பேசியவள் இங்கே படர்க்கைக்கு மாறுகிறாள். இன்ன ஊரில், இன்னார் மகளான கோதை சொன்ன முப்பது பாட்டு இவை என்று தந்தை பெயரையும் புதுவையையும் தன் பெயரையும் வைக்கிறாள். பாவனை கலைகிறது. ஊரின் பெயர் இங்கே முதன்முதலாக வருவதால்தான், இதுவரை கேட்ட ஆயர்பாடி எந்த மண்ணின் மேல் நின்றது என்று உரைகாரர்களால் திரும்பிப் பார்த்துச் சொல்ல முடிந்தது. அதே பாட்டில், இவற்றைத் தவறாமல் சொல்கிறவர்களுக்கும் திருவருள் உண்டு என்கிறாள். தன் இருக்கையைக் காலி செய்துவிட்டு அடுத்தவரை உட்காரச் சொல்கிறாள்.

உட்கார்ந்தார்கள். பெரியவர் இராமானுசருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர். திருவரங்கத்தில் அவர் பிட்சைக்குப் போகும்போது திருப்பாவையைச் சொல்லிக்கொண்டே போவாராம். ஒருநாள் தம் ஆசாரியர் பெரிய நம்பியின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவு திறந்தது. கைவளை ஒலிக்க நம்பியின் மகள் அத்துழாய் வெளியே வந்தாள். இராமானுசர் அப்படியே அவள் காலில் விழுந்து மயங்கிவிட்டார். பெண் பயந்துபோய் உள்ளே ஓடி அப்பாவிடம் சொன்னாள். நம்பி கலங்கவில்லை. நப்பின்னையை வளை ஒலிக்க வந்து கதவு திறக்கச் சொல்லும் 18-ஆம் பாட்டில் இருந்திருப்பார் என்றார்.